குப்பிக்கு ஆறு மைல்

நாராயணபெருமாள் பிள்ளை கார் வாங்கப் போகிற விஷயம் அவர் மனைவி தாணம்மாளுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அதுவும் நான் சொல்லித் தெரிந்தது. நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள் வரைக்கும் எட்டிய சங்கதி அவர் வீட்டு அடுக்களைக்கு மட்டும் எட்டாமல் இருப்பது நன்றாக இல்லை. நான் எதிர்வீட்டுக்காரி. வேறு யார் போய்ச் சொல்வார்கள்?

"காரா, அக்கா? எங்க வீட்டுக்கா?" என்று கையிலிருந்த அகப்பையோடு வெளியே வந்தாள். "போன வாரம் குடைக்குத் துணி மாத்தணும்னு சொன்னதுக்கு, மழைக்கு இன்னும் மூணு மாசம் கெடக்குன்னாரே!"

அதுதான் பிள்ளை. தேரூர்ப் பக்கம் பத்துக் கோட்டை விதைப்பாடு வயல் இருக்கிறது, காசுக்குக் குறைவில்லை. பத்திரிகை மட்டும் முடிவெட்டுகிற கடையில்தான் வாசிப்பார். முடி வெட்டுவதோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை.

அவருக்குக் கார் ஆசை வந்ததற்குக் காரணம் கரமனையிலிருந்து வந்த ஒரு கடிதம். கொல்லம் ஆண்டு 1127, மாசி மாதம். ஒரே மகள் செல்லத்தாயைத் திருவனந்தபுரம் கரமனையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை சிவதாணு சர்க்கார் குமஸ்தா. பெண்ணுக்கு ஏழாம் மாதம். எங்கள் பக்கத்து வழக்கப்படி தாய்வீட்டுப் பெண்கள் கட்டுச்சோறு கொண்டுபோய்க் கொடுத்துப் பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டும். ஒற்றைப்படையாகப் போய், பெண்ணோடு இரட்டைப்படையாகத் திரும்பவேண்டும். எட்டாம் மாதம் பிறந்துவிட்டால் பெண்ணை வீடு மாற்ற மாட்டார்கள். அப்புறம் பேறு மாமியார் வீட்டில்தான்.

மாமியார் ஆவுடையம்மாள் எழுதியிருந்தாள்: 'மருமகளைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. கார் வந்தால் பெண் வரும். இல்லாவிட்டால் பேறு இங்கேயே நடக்கட்டும்.'

அந்த அம்மாள் மகன் கல்யாணத்துக்கு வந்ததே டிரான்ஸ்போர்ட் பஸ்ஸில்தான். முறுக்கைக் கடித்துக்கொண்டு படியிலிருந்து இறங்கியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

தாணம்மாளுக்கு அந்தக் கடிதம் விளையாட்டாகப் படவில்லை. அவள் பெற்றது மூன்று. தங்கியது செல்லத்தாய் ஒன்றுதான். முதல் இரண்டு பேறும் மாமியார் வீட்டில் நடந்தவை. அதைப்பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. ஆனால் மகளுக்குப் பிரசவ அறை என்று தென்மேற்கு மூலை அறையைப் பொங்கல் கழிந்த மறுநாளே வெள்ளையடித்து வைத்திருந்தாள்.

"வாடகைக் கார் பிடிச்சுட்டுப் போவோம். ஒரு நாள் பாடுதானே," என்றாள் கணவரிடம்.

"வாடகைக் கார்ல போய் எறங்குனா நம்மளும் வாடகைக்கு எடுத்த ஆளுவளான்னு கேப்பா அந்தச் சம்பந்தியம்மா," என்றார் பிள்ளை. "அழைக்கப் போகணும், பெத்தப்புறம் கொண்டு விடணும், பேரனுக்கு முடி எறக்கப் போகணும். அத்தனைக்கும் வாடகையா? ஒரு தடவ வாங்கிப் போட்டா ஆயுசுக்கும் ஆச்சு. ஆனா ஒண்ணு, தாணம்மா. வண்டி சாப்பாடு கொறச்சு சாப்பிடணும்."

சாப்பாடு என்று அவர் சொன்னது பெட்ரோலை. அந்த வார்த்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் இசக்கி.

இசக்கி மாட்டுத் தரகன். பிள்ளை வீட்டுத் தொழுவத்தில் இதுவரை நின்ற எல்லா மாடும் அவன் பார்த்துக் கொடுத்தவை. பல்லைப் பார்த்து வயசு சொல்வான், சுழியைப் பார்த்து ராசி சொல்வான். மாட்டை அவன் அறிவான், மறுக்கவில்லை. காரைப்பற்றி அவனுக்குத் தெரிந்தது, ரோட்டில் அது வந்தால் ஒதுங்கி நிற்கவேண்டும் என்பது மட்டும்தான். ஆனால் பிள்ளைக்கு ஒரு நியாயம் இருந்தது: காசு கொடுத்து வாங்கி, தீனி போட்டு, வேலை வாங்குகிற எதுவும் மாடுதான், அதற்கு ஒரு தரகன் வேண்டும்.

சந்தைக்குப் போகிற வழியில் ஜான்ரோஸ் என்பவனின் மோட்டார்ப் பட்டறை. யுத்தத்தில் பர்மா வரைக்கும் லாரி ஓட்டிவிட்டு வந்தவன். அவனிடம் விற்பனைக்கு இரண்டு பழைய கார்கள் நின்றன. ஒன்று பெரிசு, நாலு கதவு, கறுப்பு. மற்றது சின்னது, இரண்டே கதவு, பச்சை. ஊருக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரை விட்டுப்போனது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளையும் இசக்கியும் பார்க்க வந்த அன்று நான் கீரை வாங்கப் போயிருந்தேன். அன்றைக்குக் கீரை வாங்க எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது.

இசக்கி பெரிய காரை ஒரு சுற்றுச் சுற்றினான். மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே குனிந்து முகர்ந்தான். பின்பக்கம் போய்த் தட்டினான். இடப்பக்கத்தில் பெயின்ட் உதிர்ந்து வட்டமாக ஒரு இடம் இருந்தது. அதில் விரலை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இந்த எடத்துல சுழி இருக்கப்படாது. வீட்டு ஆம்பளைக்கு ஆகாது."

"ஓய், அது பட்டறைச் சுவர்ல ஒரசுன எடம்," என்றான் ஜான்ரோஸ்.

"எங்க ஒரசுனாலும் எடம் எடந்தானே?" என்ற இசக்கி பச்சைக் காருக்கு நகர்ந்தான். "இது எத்தன கை மாறுனது?"

"ரெண்டு."

"ரெண்டு ஈத்து. கொள்ளாம்." இரண்டு கன்று ஈன்ற மாடு, நல்லதுதான் என்று அர்த்தம்.

பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு, அதை ஜான்ரோஸை நோக்கி நீட்டினான். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். ஜான்ரோஸுக்கு அது தெரியாது. கை துடைக்கத் துண்டு தருகிறான் என்று நினைத்து, கிரீஸ் கையை அதிலேயே துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். இசக்கி அந்தத் துண்டை விரித்துப் பார்த்த பார்வைக்காகவே இன்னும் ஒரு மணி நேரம் கீரை வாங்கியிருப்பேன்.

"முதலாளி, நான் உள்ளதச் சொல்லுகேன்," என்றான் ஜான்ரோஸ் பிள்ளையிடம். "பச்சை வண்டி நல்ல வண்டிதான். தனி ஆளுக்குக் கொள்ளாம். குடும்பத்துக்குன்னா கறுப்ப எடுங்க. நாலு கதவு. பொம்பளைக ஏறி எறங்கச் சௌகரியம்."

யாராவது ஒருவன் உண்மையைச் சொன்னால் பிள்ளைக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். "கறுப்பு வண்டி உமக்கு விக்கலையோ? அதான் தள்ளி விடப் பாக்கேரு. மைலுக்கு எவ்வளவு குடிக்கும்னு சொல்லும்வே. கதவ எண்ணி நான் என்ன செய்ய?"

மைல் கணக்கை ஜான்ரோஸ் வாயால் சொல்லிப் பயனில்லை என்று அவரே ஒரு பரீட்சை வைத்தார். துரைமார் குடித்துப் போட்ட பெரிய குப்பி ஒன்றை எடுத்துக்கொண்டார். இரண்டு காரின் டாங்கியையும் வடித்துக் காலி செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு குப்பி பெட்ரோல். திருவனந்தபுரம் போகிற சிமென்ட் ரோட்டில் விடவேண்டியது; எது எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் யோக்கியதை. பிள்ளையும் இசக்கியும் வில்வண்டியில் பின்னால் போனார்கள். என் வீட்டுக்காரரைச் சைக்கிளில் நான் அனுப்பி வைத்தேன்.

கறுப்புக் கார் பார்வதிபுரம் தாண்டியதும் இருமி நின்றது. பச்சைக் கார் சுங்கான்கடையைக் கடந்து, வில்லுக்குறி வரைக்கும் போய்விட்டது. ஆறு மைல். இரண்டையும் ஓட்டியது ஜான்ரோஸ் ஒருவன்தான். எலும்பும் காக்கிச் சட்டையுமான ஆள். எடை போட்டால் ஒரு மூட்டை நெல்லுக்குத் தேறமாட்டான். அதைப் பிள்ளை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"குப்பிக்கு ஆறு மைல்!" தெருவில் யார் எதிர்ப்பட்டாலும் இதுதான். கோயிலில் தீபாராதனை நடக்கும்போது பக்கத்தில் நின்ற ஆளிடம்கூடச் சொன்னார். திருவனந்தபுரம் நாற்பத்திரண்டு மைலுக்கு ஏழு குப்பி. போக ஏழு, வர ஏழு, மொத்தம் பதினாலு. அதற்குமேல் ஒரு துளி வாங்கமாட்டார்.

பச்சைக் கார் வந்து வாசலில் நின்றபோது தெருவே கூடியது. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, பின்னால இருக்கணும்னா எப்படி ஏறுகது?"

"முன் சீட்ட மடக்குனா வழி கிடைக்கும்."

"அது வழியா, பொந்தா?"

"கதவு கூடுனா எடை கூடும். எடை கூடுனா பெட்ரோல் கூடும். ஒனக்கு இதெல்லாம் மனசிலாகாது."

தாணம்மாள் மெல்லக் கேட்டாள்: "செல்லத்தாய் ஏறிருவாளா?"

"அவ என்ன ஆனையா?" என்றார் பிள்ளை. மகளைக் கடைசியாகப் பார்த்தது தீபாவளிக்கு. அப்போது இருந்த மாதிரியே இருப்பாள் என்று நினைப்பு.

புதன்கிழமை நாள் குறித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம்; அதற்குள் பெண் மாமியார் வீட்டுப் படி இறங்கிவிட வேண்டும். என்னையும் சேர்த்து ஐந்து பெண்கள். காரில் ஐந்து பேர் கொள்ளாது. இரண்டு பேரை ஏற்றினால் மற்ற மூன்று பேருக்கு மனத்தாங்கல் வரும் என்று பிள்ளை நீதி சொன்னார். ஆகவே ஐந்து பேரும் பஸ்ஸில் போனோம். காரின் பின்சீட்டில் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் எள்ளுச்சோறும் பித்தளைப் போணிகளில் ஏறின. டாங்கியில் ஏழு குப்பி பெட்ரோல் போக, மிச்ச ஏழும் அவற்றோடு, வைக்கோல் சுற்றிய கூடையில். போணிகளுக்கு நடுவே இசக்கி. முன்னால் பிள்ளை. ஓட்ட ஜான்ரோஸ். சோறு காரிலும், கட்டியவர்கள் பஸ்ஸிலும்.

எங்கள் பஸ் எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தது. கார் பத்து மணிக்கு வந்தது. பாலராமபுரத்தில் டாங்கி வறண்டு, கூடையிலிருந்து இரண்டு குப்பியை எடுத்து ஊற்றியிருக்கிறார்கள். வந்து சேர ஒன்பது குப்பி. "புது ஆளு கைக்கு இன்னும் பழகல," என்றான் இசக்கி. காரைத்தான் சொன்னான்.

ஆவுடையம்மாள் பட்டுப்புடவை கட்டி வாசலில் நின்றாள். கார் வருகிறது என்று தெருவுக்கெல்லாம் பத்து நாளாகச் சொல்லிவைத்திருந்தாள்போல, வாசல்தோறும் ஆட்கள். பச்சைக் காரைக் கண்டதும் அவள் முகம் ஒரு முறை சுருங்கி, உடனே விரிந்தது. தெரு பார்க்கிறதே.

சடங்கு முடிந்தது, சாப்பாடு முடிந்தது. பதினொன்றரைக்குச் செல்லத்தாய் வளையல் குலுங்க வெளியே வந்தாள். நல்ல வயிறு. தாணம்மாள் அவள் முதுகில் கை வைத்தபடி நடந்தாள். ஜான்ரோஸ் கதவைத் திறந்து முன் சீட்டை மடக்கினான்.

செல்லத்தாய் குனிந்தாள். ஒரு கால் உள்ளே போயிற்று. வயிறு போகவில்லை. வெளியே வந்தாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். தோள் போயிற்று, மற்றது போகவில்லை. மறுபடி வெளியே வந்தாள். நெற்றியில் வேர்வை.

அடுத்த வீட்டு வாசலிலிருந்து மலையாளத்தில் ஒரு குரல்: "காறு கொள்ளாம் கேட்டோ! பெண்ணு எவிடெக் கேறும்?" கார் நல்ல கார்தான், பெண் எங்கே ஏறுவாள் என்று கேள்வி.

"பின்பக்கமா ஏத்திப் பாக்கலாமா?" என்றான் இசக்கி. "கன்னுக்குட்டிய வண்டியில ஏத்தும்போ..."

"வாய மூடும்வே!" என்றாள் தாணம்மாள். அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

பிள்ளை கைகளைப் பிசைந்தார். "முன் சீட்டுல இருக்கட்டும். நான் பின்னால போறேன்."

"டிரைவர் பக்கத்துலயா எனக்க மருமக இருப்பா?" என்றாள் ஆவுடையம்மாள். "கரமனைத் தெரு முழுக்கப் பாக்க? நல்லா இருக்கு சம்பந்தி உங்க நியாயம்."

மாப்பிள்ளை சிவதாணு எங்கே என்று பார்த்தேன். காரின் முன்விளக்கைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி வாசலில் நின்று வேர்க்கிறாள். அவருக்கு விளக்கில் தூசி.

பதினொன்று நாற்பது. ஆவுடையம்மாள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ராகுகாலம் பிறந்துட்டா இன்னைக்கு அனுப்புகதுக்கு இல்ல. அடுத்த நல்ல நாளு பன்னிரண்டு நாள் தள்ளித்தான். அதுக்குள்ள எட்டு பிறந்துரும். பின்ன, இங்கயே பெத்துக்கிடட்டும். எனக்கு என்ன, பாரமா?"

தாணம்மாள் மகளின் முந்தானை நுனியைப் பிடித்திருந்தாள். அந்த மூலை அறையின் வெள்ளைச் சுவர் எனக்கு ஞாபகம் வந்தது. பிள்ளையைப் பார்த்தேன். அவர் குனிந்து, முன் சீட்டை இன்னும் கொஞ்சம் மடக்க முடியுமா என்று முட்டியால் அமுக்கிக்கொண்டிருந்தார். சீட் கிறீச் என்றது. "பைய, முதலாளி, ஒடஞ்சிரும்," என்றான் ஜான்ரோஸ். உடனே விட்டுவிட்டார்.

அப்போது செல்லத்தாய் மாமியாரின் பக்கத்தில் போய் நின்றாள். தாம்பாளத்தை எடுக்கிற சாக்கில் நானும் போனேன்.

"அத்தே," என்றாள், மெல்ல. "கார் வந்தா அனுப்புவேன்னு எழுதுனீங்க. வந்துட்டு. இப்போ உங்க சம்பந்தி வீட்டுக் கார்ல உங்க மருமகளுக்கு எடமில்லன்னு இந்தத் தெரு ஒரு வருஷம் பேசணுமா? இல்ல, நான் நடந்து போய்க் கோயில் முக்குல அம்மை கூட பஸ் ஏறிக்கிடட்டுமா? முக்கு இங்க இருந்து தெரியாது. நீங்க சொல்லுகதுதான்."

ஆவுடையம்மாள் இரண்டு தடவை கண் கொட்டினாள். பிறகு தெருவைப் பார்த்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"மாசமா இருக்கவ கொஞ்சம் நடந்தாத்தான் நல்லது. கார் முன்னால பைய போகட்டும், பெண்ணு கோயில் வரைக்கும் நடந்துபோய்க் கும்பிட்டுட்டு ஏறட்டும். எங்க குடும்பத்துல அதான் வழக்கம்."

ஒரு குடும்ப வழக்கம் பிறந்ததை நேரில் பார்த்த பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கையில் செல்லத்தாய் படி இறங்கினாள். முன்னால் பச்சைக் கார், ஆமை வேகத்தில். உள்ளே பிள்ளை, இசக்கி, காலிப் போணிகள். பின்னால் நாங்கள் ஆறு பேர். வாசல்காரர்கள் எல்லாரும் காரை மதிப்பாகப் பார்த்தார்கள்.

கோயில் முக்கில் ஜான்ரோஸ் காரை நிறுத்தினான். "முதலாளி, மிச்சம் அஞ்சு குப்பிதான். பக்கத்துலயே பெட்ரோல் கிடைக்கும். நாலு குப்பி ஊத்திட்டுப் போயிரலாம்."

"வரும்போ ஒன்பது குடிச்சதே அநியாயம். இனியும் அதுக்கு அழணுமா?" என்றார் பிள்ளை.

"வரும்போ தெரியாத ஊரு, பயந்து பயந்து வந்துச்சு," என்றான் இசக்கி பின்னாலிருந்து. "வீட்டப் பாத்துத் திருப்பிட்டா எந்த மாடும் தீனி கேக்காம ஓடும் அண்ணாச்சி. நான் எத்தன பாத்திருக்கேன்!"

பிள்ளை தலையை ஆட்டினார். ஜான்ரோஸ் என்னைப் பார்த்தான். நான் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். கார் புறப்பட்டுப் போயிற்று.

கால் மணி நேரத்தில் நாகர்கோவில் பஸ் வந்தது. கண்டக்டர் வயிற்றைப் பார்த்துவிட்டு முன்பக்கம் அகல சீட்டில் இருந்த இரண்டு பேரை எழுப்பி, செல்லத்தாய்க்கும் தாணம்மாளுக்கும் கொடுத்தார். கதவு அகலம், படி அகலம், காலை நீட்ட இடம். சிமென்ட் ரோட்டில் பஸ் தொட்டில்போலப் போயிற்று. நெய்யாற்றின்கரையில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்தோம். செல்லத்தாய் தின்றுகொண்டே அம்மா தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

குழித்துறைப் பாலம் தாண்டி மார்த்தாண்டம் ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ரோட்டோரம் ஒரு பச்சை நிறம் தெரிந்தது. ஜான்ரோஸைக் காணவில்லை, குப்பியை எடுத்துக்கொண்டு பெட்ரோல் தேடிப் போயிருப்பான். இசக்கி காரின் மூக்கில் கை வைத்துத் தடவிக்கொண்டு நின்றான், சண்டித்தனம் செய்கிற மாட்டைத் தேற்றுகிற மாதிரி. பிள்ளை ரோட்டுக்கு நடுவில் வந்து, துண்டை வீசி வீசி பஸ்ஸை மறித்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. குடை கொண்டுவரவில்லை, துணி மாற்றாத குடையைக் கொண்டுவந்தும் பயனில்லை.

கண்டக்டர் மணிக்கயிற்றில் கை வைத்துத் திரும்பினார். "உங்களைப் பாத்துத்தானே கை காட்டுகாரு? தெரிஞ்ச ஆளா? நிறுத்தவா அம்மா?"

செல்லத்தாய் கண் விழித்தாள். "அம்மா, அங்க நிக்கது அப்பா இல்லியா?"

தாணம்மாள் எட்டிப் பார்த்தாள். காரைப் பார்த்தாள், இசக்கியைப் பார்த்தாள், துண்டை வீசுகிற கணவரைப் பார்த்தாள். பிறகு மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"அவுகளுக்குச் சொந்தக் கார் இருக்கு," என்றாள் கண்டக்டரிடம். "நீரு போகச் சொல்லும்."

பஸ் ஒதுங்கி, அவரைச் சுற்றிக்கொண்டு ஏற்றத்தில் ஏறியது.